'இட்' எங்கே உட்காரும்?

அன்புள்ள ஐயா,

என் மகள் ஒன்பதாம் வகுப்பு. 'ஐ ஸ்விட்ச்ட் ஆஃப் இட்', 'எக்ஸ்ப்ளெயின் மீ திஸ்' என்று எழுதி மதிப்பெண் போய்விட்டது. 'ஸ்விட்ச் ஆஃப்' மாதிரி சொற்கள் சேர்ந்து வரும் வினைகள், அதாவது ஃப்ரேசல் வெர்புகள், நாற்பதை எங்கள் ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில் பொருளோடு எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். தினமும் ஐந்து ஒப்பிக்கிறாள், தப்பு மட்டும் போகவில்லை. வீட்டில் கிரியோல், பாட்டியிடம் தமிழ், பள்ளியில் பிரெஞ்சும் ஆங்கிலமும். இத்தனை மொழிதான் குழப்பமா? நல்ல இலக்கண நூல் ஒன்று சொல்லுங்கள்.

வாசகி, காத்ர் போர்ன், மொரீஷியஸ்

அன்புள்ள அம்மா,

முதலில் அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள். கோபிக்காதீர்கள், நீங்கள் பட்ட பாடு தெரிகிறது. ஆனால் 'ஸ்விட்ச் ஆஃப்', 'லுக் ஆஃப்டர்' என்று மொட்டையாக எழுதி எதிரில் பொருளைப் போட்டால், 'இட்' எங்கே உட்காரும் என்பது அந்தத் தாளிலேயே இல்லை. இல்லாததைப் பிள்ளை எப்படி ஒப்பிக்கும்?

வினையை 'இட்'டோடு சேர்த்தே எழுத வேண்டும். இதை யாரிடம் சொன்னாலும் தலையாட்டிவிட்டு மறுபடி மொட்டையாகவே எழுதுகிறார்கள். 'ஸ்விட்ச் இட் ஆஃப்.' 'பிக் இட் அப்.' 'லுக் ஆஃப்டர் இட்.' 'வெயிட் ஃபார் இட்.' எழுதும்போதே 'இட்' நடுவில் வருபவை, கடைசியில் வருபவை என்று இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிடும்.

காரணம் இதுதான். ஆங்கிலம் கனமானதை வாக்கியக் கடைசியில் வைக்கும். பெயர்ச்சொல்லுக்குக் கனம் உண்டு, அதனால் 'ஸ்விட்ச் ஆஃப் த லைட்', 'ஸ்விட்ச் த லைட் ஆஃப்' இரண்டும் சரி. 'இட்', 'ஹிம்', 'தெம்' எல்லாம் ஏற்கெனவே பேசிய ஆளையோ பொருளையோ திரும்பச் சொல்பவை, கனமில்லை. கடைசி இடத்தை 'ஆஃப்' எடுத்துக்கொள்ள, இவை நடுவில் ஒடுங்கிவிடும். 'அவர்களைத்தான், எங்களை இல்லை' என்று அழுத்திச் சொல்லும்போது மட்டும் 'தெம்' கடைசிக்குப் போகலாம்.

'லுக் அட் இட்' அப்படியில்லை. அங்கே 'அட்' வினையின் வால் அல்ல, 'இட்'டின் தலை. சந்தேகம் வந்தால் நடுவில் ஒரு சொல்லைச் செருகிப் பாருங்கள். 'லுக் கேர்ஃபுலி அட் இட்' நிற்கும். 'ஸ்விட்ச் க்விக்லி ஆஃப் த லைட்' விழுந்துவிடும். காதாலும் கண்டுபிடிக்கலாம்: 'ஸ்விட்ச் இட் ஆஃப்' என்பதில் 'ஆஃப்' ஓங்கி ஒலிக்கும், 'லுக் அட் இட்' என்பதில் 'அட்' தேய்ந்துவிடும். ஒரே 'லுக் அப்' இரண்டு பக்கமும் போகும். சாலையின் மேற்பக்கம் பார்த்தால் 'லுக் அப் இட்', அகராதியில் சொல் தேடினால் 'லுக் இட் அப்'. 'ரன் ஓவர்' மாதிரி இரண்டுக்கும் இடம் கொடுப்பவை சில உண்டு. இப்போது அவை வேண்டாம்.

'எக்ஸ்ப்ளெயின் மீ' வேறு கதை. கிரியோலில் 'எக்ஸ்ப்லிக் முவா' என்கிறோம், அதன் நகல். கிவ், சென்ட், ஷோ, டெல் ஆகியவை ஆளை நேராக ஏற்கும். எக்ஸ்ப்ளெயின், டிஸ்க்ரைப், சஜெஸ்ட், சே ஆகியவை ஏற்காது. 'டு மீ' என்றுதான் சொல்ல வேண்டும். ஆளும் பொருளும் இரண்டுமே பிரதிப்பெயரானால் 'கிவ் இட் டு மீ' என்றே எழுதச் சொல்லுங்கள். 'கிவ் மீ இட்' இங்கிலாந்தில் காதில் விழும். பரீட்சைத் தாளுக்கு வேண்டாம். 'டிஸ்கஸ் அபவுட்' பற்றி நான் பேசப்போவதில்லை, அந்த 'அபவுட்'டை அடித்துவிட்டால் முடிந்தது.

பாட்டியின் தமிழைக் குற்றம் சொல்லாதீர்கள். கிரியோலின் 'அத்தான் லி' பிள்ளையை 'வெயிட் ஹெர்' என்று எழுத வைக்கிறது. தமிழின் 'அவளுக்காகக் காத்திரு' அந்த 'ஃபார்' எங்கே என்று காட்டிவிடுகிறது. 'அவனிடம் கேள்' மட்டும் காலை வாரும், 'ஆஸ்க் டு ஹிம்' என்று வந்து நிற்கும். தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டியே போவதால் 'அதை அவனிடம் கொடு', 'அவனிடம் அதைக் கொடு' இரண்டும் ஒன்று. ஆங்கிலத்தில் அந்த வேலையைப் பெரும்பாலும் வரிசை பார்க்கிறது. வரிசையின் அருமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 1998இல் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழுக்கு முன்னால் இந்தி வந்ததற்குத் தெருவில் இறங்கி, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற வைத்த ஊர் இது.

நூல் கேட்டிருந்தீர்கள். மாணவர் அகராதி ஒன்று போதும். அதில் 'சம்திங்' என்பதன் சுருக்கம் வினைக்கும் 'ஆஃப்'புக்கும் நடுவில் அச்சாகியிருக்கிறதா, பின்னாலா என்று மட்டும் பாருங்கள். ஃப்ரிட்ஜ் கதவுக்குப் புதுத் தாள்: இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று, எல்லாம் 'இட்'டோடு. வாய்விட்டுப் படிக்கட்டும். ஏழாவதை அடுத்த வாரம் எழுதுங்கள்.