பொதிக்குள் எந்த ஊரை வைப்பது?

தங்கச்சி, கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து எட்டு மாதத்துக்குள் ஜப்பான், தென்கொரியா, அவுஸ்திரேலியா, ஜேர்மனி என்று நாலு நாட்டுக் குடும்பங்களோடு பிள்ளைகளுக்காக அவரவர் ஊரைக் காட்டுகிற பொதி மாற்றிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறீர்கள். நல்ல காரியம். என்ன வைத்து எப்படி அனுப்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். "நாங்கள் கனடாவை வைப்பதா, யாழ்ப்பாணத்தை வைப்பதா?" என்று எட்டு வயது மகள் கேட்டதற்கு என்ன சொல்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். மகளின் கேள்வியை முதலில் எடுக்கிறேன். அதற்கு விடை கிடைத்தால் பெட்டியில் பாதி தானாக நிறைந்துவிடும்.

இரண்டையும் வையுங்கள். ஆனால் மேப்பிள் கொடி ஒரு பக்கம், குத்துவிளக்குப் படம் மறுபக்கம் என்று பிரித்து வைத்தால் பிள்ளைக்கும் விளங்காது, வாங்குகிறவருக்கும் விளங்காது. இரண்டு ஊரும் சந்திக்கிற ஒரு பொருளைப் பிடியுங்கள். ஆகச் சுலபமானது இனிப்பு. 100 கிராம் மேப்பிள் சீனிக் கட்டி, 100 கிராம் பனங்கட்டி, பக்கத்தில் பிள்ளைகள் தங்கள் கையால் எழுதிய ஒரு தாள். மேப்பிள் மரத்தில் இரவு உறைந்து பகலில் உருகுகிற முன்வசந்த நாட்களில் துளைபோட்டுச் சாறு எடுக்கிறார்கள். ஏறத்தாழ 40 லீற்றர் சாறு காய்ச்சினால் 1 லீற்றர் பாணி. பனையில் பாளையைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு பூசிய முட்டியைக் கட்டிக் கருப்பநீர் என்ற இனிப்புச் சாறு இறக்குகிறார்கள். சுண்ணாம்பு இல்லாவிட்டால் அது புளித்துக் கள்ளாகிவிடும். அதைக் காய்ச்சி இறுக்கினால் பனங்கட்டி. மரம் வேறு, வேலை ஒன்று. உங்கள் பத்து வயதுப் பையன் இதைத் தானே படம் வரைந்து விளக்கலாம். அப்படி விளக்கும்போதுதான் அவனுக்கே தன் இரண்டு ஊரும் ஒட்டுகின்றன. வருகிற பெட்டியைவிட அனுப்புகிற பெட்டி அதிகம் கற்பிக்கும் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் பெட்டியைத் தாய்தகப்பன் அடுக்கிக் கொடுக்காதீர்கள்.

மற்றக் குடும்பங்களிடமும் இதே கேள்வியை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்: "உங்கள் ஊரில் இனிப்பு எதிலிருந்து வருகிறது?" ஜப்பான்காரர் ஒக்கினாவாவின் கரும்புக் கட்டியான கொக்குத்தோ அனுப்பலாம், அது எங்கள் சர்க்கரைக்குக் கிட்டத்தட்டச் சகோதரம். கொரியாவில் மாப்பிசின் போல ஒட்டுகிற 'யொத்' என்ற தானிய மிட்டாயைப் பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்குக் கொடுப்பார்கள். அவர்கள் மொழியில் 'ஒட்டுதல்' என்ற சொல்லுக்கே 'சித்தியடைதல்' என்றும் பொருள். ஜேர்மனியில் சீனி கிழங்கிலிருந்து வருகிறது. பேர்லினில் மார்க்கிராஃப் என்ற வேதியியலாளர் 1747இல் பீற்றூட் இனக் கிழங்கில் கரும்புச் சீனியே இருப்பதைக் கண்டுபிடித்தார். ரைன் ஆற்றுப் பக்கத்தில் அந்தக் கிழங்குப் பாணியை இன்றும் பாண் துண்டில் பூசிச் சாப்பிடுகிறார்கள். அவுஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்துக் கரும்பு. ஐந்து பெட்டியும் ஒரே கேள்விக்கு விடையாக வந்தால் பிள்ளைகள் மேசையில் வரிசையாக வைத்து நக்கிப் பார்த்து ஒப்பிடுவார்கள். கேள்வி இல்லாமல் வருகிற பெட்டி வெறும் மிட்டாய்ப் பெட்டிதான், இரண்டு நாளில் முடிந்துவிடும்.

நினைவுப் பொருட் கடைக்குப் போகவேண்டாம். சாவிக்கொத்தைத் திருப்பிப் பார்த்தால் வேறொரு நாட்டில் செய்தது என்றிருக்கும். எடையே இல்லாத சாமான்கள் எத்தனையோ இருக்கின்றன. விழுந்த பாற்பல்லை என்ன செய்வீர்கள் என்ற கேள்வியை எடுங்கள். ஊரில் கூரைமேல் எறிந்து அணிலிடம் புதுப்பல் கேட்கிறோம். ஜப்பானில் கீழ்ப்பல்லைக் கூரைக்கும் மேற்பல்லைத் தரைக்கு அடியிலும் எறிவது வழக்கம். இங்கே தலையணைக்கடியில் வைத்தால் காசு. கல்லை எறிந்து பிடிக்கிற கொக்கான் வெட்டு விளையாட்டுக்கு விதிகளை மட்டும் படத்தோடு எழுதி அனுப்புங்கள், கல்லை அவர்களே பொறுக்கட்டும். கொரியாவில் அதேபோல ஐந்து காய் கொண்ட 'கொங்கி' என்ற விளையாட்டு உண்டு; அந்தக் குடும்பத்துப் பிள்ளை உங்கள் தாளைப் பார்த்துத் துள்ளும். வாரக் கடைசியில் வீட்டுக்கு வரும் பலசரக்கு விளம்பரத் தாளையும் வையுங்கள், விலையை ஒப்பிட்டே ஒரு மாலை போகும். ஒன்ராறியோவில் பால் பையில் விற்கிறார்கள், 4 லீற்றருக்கு மூன்று பை. அதை நம்பாத நாடுகள் உண்டு. காலிப் பையை அனுப்பாமல் படம் எடுத்து அனுப்புங்கள்.

பிள்ளைகள் கட்டாயம் கேட்கப்போகிற இரண்டு: சிவந்த மேப்பிள் இலையும் நாணயமும். காய்ந்த இலை, விதை, வைக்கோல், மரப்பட்டை, இறகு எதையும் அவுஸ்திரேலியாவுக்கு வைக்காதீர்கள், உயிரியல் பாதுகாப்புச் சோதனையில் பெட்டியே நின்றுவிடும். நாணயத்தைச் சாதாரணத் தபாலில் அனுப்ப விதியில்லை. இரண்டுக்கும் ஒரே வழி: மேலே மெல்லிய தாள் வைத்து, இலைக்கு வண்ணக்கட்டியாலும் நாணயத்துக்குப் பென்சிலாலும் தேய்த்து அச்செடுப்பது. ஐந்து சதத்தின் பீவரும் இருபத்தைந்து சதத்தின் கரிபூ மானும் அழகாக விழும்.

இனி எடை. கனடாத் தபாலில் சிறுபொதி (Small Packet) என்ற வகைக்கு உச்சம் 2 கிலோ, நீளம் அகலம் உயரம் மூன்றையும் கூட்டினால் 90 செ.மீ. தாண்டக்கூடாது, எந்தப் பக்கமும் 60 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. கட்டணம் படிக்கட்டாக ஏறும், அதனால் 1 கிலோவுக்குள் நிற்பதே கெட்டித்தனம். சின்ன மட்டைப்பெட்டி 150 கிராம், மெல்லிய கதைப்புத்தகம் 200, இரண்டு இனிப்பும் 200, ஒரு பக்கெற் பிஸ்கற் 150, தாள்களும் படங்களும் 100, ஒரு சின்ன விளையாட்டுச் சாமான் 50, அடைக்கிற தாளும் ரேப்பும் 100. மொத்தம் 950. தபாற் கந்தோருக்குப் போகமுன் வீட்டுத் தராசில் நிறுங்கள். 1,010 கிராம் காட்டினால் அந்தப் பத்துக் கிராமுக்காக அடுத்த படிக் கட்டணம் கட்டவேண்டும். நாலு பெட்டிக்கும் தபாற்செலவு சாமான் விலையைவிடக் கூடத்தான் வரும். கை கடித்தால் ஒரே மாதத்தில் நாலும் அனுப்பாமல் மாதத்துக்கு ஒன்று என்று குழுவில் பேசிக்கொள்ளுங்கள்.

மேப்பிள் பாணிப் போத்தல் வேண்டாம், மூடி கசிந்தால் எல்லாம் நாசம், கட்டியே போதும். சொக்லேற் 34 பாகைக்குக் கிட்ட உருகும், அவுஸ்திரேலியாவின் கோடை டிசம்பரில் தொடங்குகிறது என்பதை மறக்காதீர்கள். வீட்டில் சுட்ட பலகாரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அனுப்பாதீர்கள். உள்ளடக்கம் எழுதாத உணவைச் சுங்கம் சந்தேகிக்கும், ஒவ்வாமை உள்ள பிள்ளையின் தாய் பயப்படுவார். கடையில் அடைத்து, சேர்மானம் அச்சிட்டதுதான் போகவேண்டும். கச்சான், எள்ளு ஒத்துக்கொள்ளுமா என்று நாலு வீட்டிலும் முதலிலேயே கேளுங்கள்.

நாட்டுக்கு நாடு தடுப்பது வேறு. ஜேர்மனிக்கு ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பாற்பொருளும் போகாது. ஜப்பானுக்குக் காய்ந்த மாட்டிறைச்சித் துண்டுகூட அரச சான்றிதழ் இல்லாமல் போகாது. அவுஸ்திரேலியாவுக்குப் பால்கோவா போன்ற பால் இனிப்பு எதுவும் வேண்டாம். பனங்கட்டியையும் அது இருக்கிற ஓலைக் குட்டானைக் கழற்றிவிட்டுப் பையில் அடைத்து அனுப்புங்கள். தனி லித்தியம் பற்றரி, வாசனைத் திரவியம், மத்தாப்பு எந்த நாட்டுக்கும் ஆகாது.

சுங்கப் படிவத்தில்தான் அதிகமானோர் சறுக்குகிறார்கள். 'அன்பளிப்பு' என்று மட்டும் எழுதினால் பெட்டி நிற்கும். "சிறுவர் கதைப்புத்தகம் 1, 8 டொலர், மேப்பிள் சீனிக் கட்டி 100 கிராம், 7 டொலர்" என்று ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் எழுதுங்கள். அன்பளிப்புக்கான கட்டத்தையும் நிரப்புங்கள். விலையைச் சைபர் என்று போடாதீர்கள். பல நாடுகள் கையால் நிரப்பிய படிவத்தை ஏற்பதில்லை, அதனால் கனடாத் தபாலின் தளத்தில் நிரப்பிக்கொண்டு மருந்துக்கடைக்குள் இருக்கும் தபால் கவுண்டருக்குப் போங்கள். வாங்குகிறவரின் தொலைபேசி எண்ணும் தேவை. தனியார் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பும் அன்பளிப்புக்கு ஜேர்மனியில் 45 யூரோ வரையும், ஜப்பானில் 10,000 யென் வரையும், நீங்கள் வாங்கும்போது கனடாவில் 60 டொலர் வரையும் வரி இல்லை. கனடாவுக்கு அனுப்புகிறவர்கள் உள்ளே அன்பளிப்பு என்று ஒரு துண்டும் வைக்கட்டும். பின்னாளில் இந்தியாவிலிருந்து ஒரு குடும்பம் சேர்ந்தால் கவனம்: அங்கே 5,000 ரூபா வரை இருந்த அன்பளிப்புச் சலுகையை 2019 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள், ராக்கிக் கயிறும் உயிர்காக்கும் மருந்தும்தான் விலக்கு. வாங்குகிறவர் வரி கட்டவேண்டி வரலாம் என்று முதலே சொல்லிவிடுங்கள்.

முகவரி கொடுக்கமுன் பெரியவர்கள் மட்டும் ஒருமுறை காணொளியில் பேசுங்கள். பெட்டியின் வெளியே உங்கள் பெயரைத்தான் எழுதவேண்டும், பிள்ளைகளின் முழுப்பெயர் வேண்டாம். பாடசாலைச் சீருடையோ பெயர்ப்பலகையோ தெரியும் படங்களும் வேண்டாம்.

ஒரு குடும்பம் அனுப்பாமல் விடுவது சகஜம். அதனால் பிள்ளை அழாமல் இருக்க, அனுப்பியதும் எல்லோரும் அனுப்பிய தேதியையும், பொதி எங்கே போகிறது என்று பார்க்கிற எண் இருந்தால் அதையும் பகிரவேண்டும் என்று விதி வையுங்கள். எட்டு வாரம் தாண்டினால் பெரியவர் ஒருவர் விசாரிக்கட்டும். வந்த பெட்டியை உடனே கிழிக்க விடாதீர்கள். முதலில் முத்திரையையும் தபால் அச்சுத் தேதியையும் பார்த்து, வரைபடத்தில் வழியைக் கோடு போடட்டும். பிறகு ஒவ்வொரு சாமானாக எடுத்து, "இது அவர்கள் தினமும் பாவிப்பதா, பண்டிகைக்கு மட்டுமா?" என்று கேளுங்கள். இந்தக் கேள்வி முக்கியம். ஒரு கிமோனோப் படத்தைப் பார்த்து ஜப்பான் பிள்ளைகள் எல்லோரும் தினமும் அதையே உடுக்கிறார்கள் என்று நினைக்கிற பிள்ளை, நாளைக்கு தன்னையும் ஒரு வேட்டிப் படமாக மற்றவர் பார்ப்பதை ஏற்கப் பழகிவிடும். விடை தெரியாதவற்றை நன்றிக் கடிதத்தில் கேள்வியாக எழுதட்டும். இரண்டு கிழமைக்குள் அந்தக் கடிதம் போகவேண்டும், தபாலட்டை போதும்.

முதற் பெட்டியைத் தைப்பொங்கலோடு சேர்க்க விருப்பமென்றால் நவம்பர் நடுவிலேயே அனுப்பிவிடுங்கள், டிசம்பர்த் தபால் நெரிசலில் சிக்கினால் மாசியில்தான் போய்ச் சேரும்.