50 வருடத்துக்கு முன்னால் நடந்தது நினைவிருக்கிறது, காலையில் சாப்பிட்டது நினைவில்லை என்கிறார். அம்மா நடிக்கிறாரா?

உங்கள் கேள்வியில் "நடிக்கிறாரா" என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஒரே கேள்விக்கு நாளைக்கு இருபது தடவை பதில் சொல்லி ஓய்ந்துபோய்த்தான் இந்தச் சந்தேகம் உங்களுக்கு வந்திருக்கும். எனக்கும் வந்தது.

அம்மா நடிக்கவில்லை. இன்னும் சொன்னால், அவர் மறக்கவும் இல்லை. காலையில் இட்லி சாப்பிட்டது பதியவே இல்லை. பதிந்தால்தானே மறப்பதற்கு?

என் அம்மாவுக்குச் சொந்த ஊர் நிலக்கோட்டை. சின்ன வயதிலிருந்தே பூக்கடைக்குப் பூச்சரம் கட்டிக் கொடுத்தவர். அப்பா போனபிறகு என்னோடு இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி, "மாத்திரை போட்டேனா?" என்று ஒன்பதாவது தடவை கேட்டபோது, "இப்பத்தானே போட்ட? வேணும்னே பண்றியா?" என்று கத்திவிட்டேன். பத்து நிமிடத்தில் மாத்திரையும் மறந்துவிட்டது, நான் கத்தியதும் மறந்துவிட்டது. ஆனால் அன்று தூங்கும்வரை என் பக்கத்திலேயே வரவில்லை. கூப்பிட்டால் மிரண்டு பார்த்தார். எதற்கு பயப்படுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. நடந்த சம்பவம் போய்விட்டது, அது கொடுத்த வலி மட்டும் தங்கிவிட்டது. அதை என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

அடுத்த வாரம் ஒரு விசேஷத்துக்காகக் கால் கிலோ உதிரி மல்லிகை வாங்கி வந்தேன். அம்மாவாகவே எடுத்து உட்கார்ந்தார். வாழைநாரை நனைத்துக் கிழித்து, இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு, ஒரு சுற்று, ஒரு முடிச்சு. கண் வாசலில் இருந்தது, விரல் தன் பாட்டுக்கு ஓடியது. ஒரு மணி நேரம் கழித்து அந்தச் சரத்தைக் கையில் எடுத்து, "யாருடி கட்டினது? நல்ல நெருக்கமா இருக்கே" என்றார்.

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்று ஒருவர். கடுமையான வலிப்பு. 1953-ல், 27 வயதில், அறுவை சிகிச்சை செய்து மூளையின் இரண்டு பக்கத்திலும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் கணிசமான பங்கை எடுத்துவிட்டார்கள். நடப்பதை நினைவாகப் பதிய வைப்பதில் அதற்குத்தான் முக்கிய வேலை என்பது அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது. சின்ன வயது விஷயங்கள் அவருக்கு நினைவிருந்தன. ஆனால் 2008-ல் சாகும்வரை புதிதாக நடந்தது எதுவும் ஏறக்குறைய தங்கவே இல்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர், காகிதத்தையும் கையையும் கண்ணாடியில் மட்டும் பார்த்தபடி ஒரு நட்சத்திரத்தின் மேல் கோடு வரையும்படி அவரிடம் சொன்னார். மூன்று நாளில் கை நன்றாகத் தேறிவிட்டது. அவரோ ஒவ்வொரு நாளும் இதை முதல்முறை பார்ப்பதாகவே நினைத்தார். கைப்பழக்கத்துக்கு மூளையில் இடமே வேறு. என் அம்மாவின் பூ அங்கேதான் இருக்கிறது.

மூளையை மெல்ல மெல்ல அழித்து நினைவைக் கொண்டுபோகும் அல்சைமர் நோய் பெரும்பாலும் முதலில் தாக்குவது ஹிப்போகாம்பஸையும் அதை ஒட்டிய பகுதியையும்தான். அதனால்தான் பழையது நிற்கிறது, புதியது ஒட்டுவதில்லை.

"இவள் என்ன டாக்டரா?" என்று யாராவது கேட்பீர்கள். இல்லை. உங்கள் அம்மாவுக்கு இதே நோய் என்றும் சொல்லவில்லை. தைராய்டு குறைந்தாலும், வைட்டமின் பி12 குறைந்தாலும், மனச்சோர்வு இருந்தாலும் ஞாபகம் தடுமாறும், அவற்றைச் சரிசெய்ய வழி இருக்கிறது. முதலில் நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

அப்புறம், இதைச் சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. வெளியூரில் இருக்கும் என் அண்ணன் வாரம் ஒரு தடவை போனில் பத்து நிமிடம் பேசிவிட்டு, "அம்மா நல்லாத்தானே பேசுறாங்க, நீதான் பெருசு பண்ற" என்கிறான். பேசுவதெல்லாம் ஊர்க் கதை, பழைய கதை. அது நன்றாகத்தான் வரும். ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு பூ மார்க்கெட்டுக்குக் கிளம்புகிறவரைத் தடுத்து உட்கார வைப்பது அந்தப் பத்து நிமிடத்தில் தெரியாது. சொந்தக்காரர்கள் வேறு, மகன் இருக்கும்போது மகள் வீட்டில் எதற்கு என்று என்னிடமே வந்து கேட்கிறார்கள். அதை அவனிடம் கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். "காலையில என்ன சாப்பிட்ட, சொல்லு பார்ப்போம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். அம்மா கையால் என்ன வேலை நன்றாகச் செய்வார்? கோலமோ, முறுக்குப் பிழிவதோ, தையலோ, அதைக் கொண்டுவந்து முன்னால் வைத்துப் பாருங்கள்.