நின்றுபோன படத்தொடர்: புதுக் கேமராவுக்கு முன்னால் பழைய கார்டைத் தேடுங்கள்

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் ஷிப்ட் வேலை. 2019 மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வலை பின்னுகிறவர்களைப் புகைப்படத் தொடராக எடுக்க ஆரம்பித்தேன். அடுத்த வருடம் கொரோனா. 2022-ல் அப்பாவுக்குப் பக்கவாதம். 2023 டிசம்பர் புயலில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து ஹார்ட் டிஸ்க் நனைந்துவிட்டது. இப்போது லென்ஸிலும் ஃபங்கஸ். இவ்வளவு இடைவெளி விழுந்த பிறகு அந்தத் தொடருக்கு மதிப்பு இருக்கிறதா, அல்லது தவணையில் ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கி முதலிலிருந்து தொடங்கலாமா? ஒருவர் 12,000 ரூபாய் கொடுத்தால் குழுக் கண்காட்சியில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். இன்னொன்று, 2021-ல் ஒரு தொண்டு நிறுவனம் அதே இடத்தில் நிவாரணம் கொடுத்ததை அவர்களுக்காக 3,000 ரூபாய்க்குப் படம் எடுத்துக் கொடுத்தேன், அன்று மதியம் நானாக வலைக்காரர்களையும் எடுத்தேன். அந்தப் படங்களை என் தொடரில் சேர்க்கலாமா?

பதில்: தம்பி, முதலிலிருந்து தொடங்காதீர்கள். விட்ட இடத்திலிருந்து எடுங்கள். கேமரா வாங்காதீர்கள், 12,000-ஐயும் கொடுக்காதீர்கள். அவசரத்தில் இருந்தால் இந்த மூன்று வரி போதும், மீதியை இரவு ஷிப்டில் டீ நேரத்தில் படித்துக்கொள்ளலாம்.

இடைவெளி விழுந்தால் தொடர் செத்துப்போச்சு என்று யார் உங்களுக்குச் சொன்னார்களோ தெரியவில்லை. மனிதர்களை எடுக்கிற தொடருக்கு இடைவெளி குறையே இல்லை, பல நேரம் அதுதான் சரக்கு. அமெரிக்காவில் பஃபலோ என்ற ஊரில் மில்டன் ரோகோவின் என்று ஒரு கண் பரிசோதகர் இருந்தார். 1957-ல் அரசியல் விசாரணையில் மாட்டி, ஊர்ப் பத்திரிகை அவரைக் கம்யூனிஸ்ட் என்று எழுதி, தொழில் படுத்துவிட்டது. அந்தச் சரிவுக்குப் பிறகுதான் அவர் தீவிரமாகக் கேமராவைக் கையில் எடுத்தார். 1972-ல் தன் கடைக்குப் பக்கத்து ஏழைத் தெருக்களில் இருந்தவர்களை எடுக்க ஆரம்பித்தவர், 1984-ல் அதே ஆட்களைத் தேடிப் போய் எடுத்தார், 1992-ல் மறுபடி, 2000-க்குப் பிறகும் மறுபடி. ஒரே ஆளின் படங்கள் வரிசையாக நிற்கும். குழந்தை வளர்ந்து தானே குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். நடுவில் எட்டு, பத்து வருடம் காணாமல் போனதால்தான் அந்த வரிசைக்கு உயிர். 2011-ல் 101 வயதில் இறந்தார். உங்களுக்கு 2019-லும் 2021-லும் கொஞ்சம் படம் இருக்கிறது, இப்போது போனால் மூன்றாவது வரிசை. இதை அழித்துவிட்டு ‘முதலிலிருந்து’ என்று ஆரம்பித்தால் கையில் இருக்கிற வருடங்களை நீங்களே தூக்கிப் போடுகிறீர்கள்.

உங்களுக்கு இன்னொரு சௌகரியமும் இருக்கிறது, அதை நீங்கள் கவனித்த மாதிரி தெரியவில்லை. நீங்கள் எடுத்துக்கொண்ட விஷயமே வருடத்தில் இரண்டு மாதம்தான் முழு வீச்சில் நடக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்ததை 2017-ல் கூட்டினார்கள். அந்த நேரம் விசைப்படகுகள் எல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்கும், இன்ஜினைக் கழற்றிப் போட்டிருப்பார்கள், பெயிண்ட் வாசனை அடிக்கும், வலையை விரித்துப்போட்டுக் காலின் பெருவிரலில் ஒரு கண்ணியை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு ஊசியால் கோர்த்துக்கொண்டே போவார்கள். மற்ற பத்து மாதம் அப்பாவைப் பாருங்கள், ஓவர்டைம் செய்யுங்கள். தினமும் ஒரு படம், வாராவாரம் ஒரு படம் என்று இணையத்தில் ஆளாளுக்குச் சொல்கிற அறிவுரை மாமியாரிடம் குழந்தையை விட்டுவிட்டு வரக்கூடியவர்களுக்கானது. இரவு ஷிப்ட் முடிந்து ஆறு மணிக்கு வெளியே வருகிற அன்று நேரே அங்கே போய், வெயில் ஏறுவதற்குள் ஒன்றரை மணி நேரம் எடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுங்கள். ஒரு தடைக்காலத்தில் அப்படி நாலைந்து காலை கிடைத்தாலே அந்த வருடம் ஆச்சு.

சரி, டிஸ்க். இதில்தான் ஏமாறுகிறவர்கள் அதிகம்.

அந்த டிஸ்கை மறுபடி கம்ப்யூட்டரில் செருகிப் பார்க்காதீர்கள். காய்ந்துவிட்டதே, ஒருமுறை முயற்சி செய்யலாமே என்று தோன்றும். வேண்டாம். உள்ளே தட்டு சுழலும்போது அதைப் படிக்கிற முனை தட்டுக்கு மயிரிழை தூரம்கூட இல்லாமல் மிதக்கும், சாக்கடைத் தண்ணீர் காய்ந்த தூள் ஒன்று இருந்தால் போதும், தட்டைச் சுரண்டிவிடும், அப்புறம் யாராலும் எடுக்க முடியாது. தெரிந்த பையன் திறந்து பார்ப்பான் என்று கொடுப்பதும் அதே கதைதான். தூசியில்லாத அறை இல்லாத இடத்தில் டிஸ்கைத் திறந்தாலே முடிந்தது.

டிஸ்கிலிருந்து படங்களை மீட்டுத் தருகிற ரெக்கவரி கடைகளில் பழக்கமான ஒரு வித்தை இருக்கிறது. முதலில் ‘செக் பண்ண மட்டும்’ என்று சின்னத் தொகை. இரண்டு நாளில் போன், ‘90 சதவீதம் வந்துவிடும் சார், பார்ட்ஸ் வரவழைக்கணும், 15,000 அட்வான்ஸ்’. கொடுத்தால் அடுத்த மாதம் ‘டிஸ்க் மோசமாக இருக்கிறது’ என்று திருப்பிக் கொடுப்பார்கள், அட்வான்ஸ் திரும்பாது. டிஸ்க் வேறு திறக்கப்பட்டிருக்கும், இனி நல்ல இடத்துக்கும் கொண்டுபோக முடியாது. அதனால் தரவு கிடைக்காவிட்டால் பணம் இல்லை என்று எழுதித் தருகிற இடத்தில் மட்டும் கொடுங்கள், கிடைத்த ஃபைல்களின் பட்டியலைக் காட்டிய பிறகே மீதிப் பணம். எழுதித் தர மாட்டோம் என்றால் டிஸ்கை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை. கேமராவில் படம் பதிகிற பழைய மெமரி கார்டுகளை, அதாவது எஸ்.டி. கார்டுகளைத் தேடி எடுங்கள். கேமராவில் ‘ஃபார்மட்’ கொடுத்தால் படம் அழிந்துவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அழிவது பட்டியல் மட்டும்தான், மேலே புதுப் படம் ஏறாத வரை பழைய படம் அங்கேயேதான் கிடக்கும். கார்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு பூட்டு இருக்கும், அதைக் கீழே தள்ளிவிட்டுக் கம்ப்யூட்டரில் போட்டு, போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிடுங்கள். மீட்ட படத்தை அதே கார்டில் சேமிக்காதீர்கள், கம்ப்யூட்டரில் சேமியுங்கள். ஃபைல் பெயர், தேதியெல்லாம் குழம்பி வரும், பரவாயில்லை. அப்புறம் வாட்ஸ்அப்பில் யாருக்கெல்லாம் அனுப்பினீர்கள் என்று யோசியுங்கள். அங்கே படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும் என்றாலும் நீளவாக்கில் 1600 பிக்சல் இருந்தால் அஞ்சு அங்குல அகலத்துக்குச் சுத்தமாக அச்சாகும். கடைசியாக, காசிமேட்டில் யாருக்காவது பிரிண்ட் கொடுத்திருந்தால் அது பீரோவிலோ சாமி படத்துக்குப் பக்கத்திலோ பத்திரமாக இருக்கும், கேட்டு வாங்கி நிழலான இடத்தில் வைத்து நேராகப் படம் பிடித்துக்கொண்டு திருப்பிக் கொடுங்கள். போன பாதிப் படம் இப்படியே கிடைத்துவிடலாம், கிடைக்காததற்கு மட்டும் ரெக்கவரியைப் பற்றி யோசிக்கலாம்.

இனிமேல் இரண்டு டிஸ்க், இரண்டு வீடு. ஒன்று உங்களிடம், இன்னொன்று மாடியில் குடியிருக்கிற சொந்தக்காரர் யாரிடமாவது. தேர்ந்தெடுத்த படங்களைக் கூகுளில் இலவசமாகக் கிடைக்கிற 15 ஜிபி-யில் ஏற்றி வையுங்கள், மூன்று எம்பி அளவில் 5,000 படம் வரை தாங்கும், தடைக்காலக் காலைகளுக்கு அது தாராளம்.

லென்ஸ் ஃபங்கஸுக்குப் பயந்து கேமராவை மாற்றுவது பெரிய அபத்தம். ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி கொஞ்சம் இருந்தால் படத்தில் ஒன்றும் தெரியாது, வெளிச்சத்துக்கு எதிராக எடுக்கும்போதுதான் படம் வெளுத்துப் புகை மூட்டமாக வரும். சூரியன் கடல் பக்கம் இருக்கிற காலையில் நீங்கள் கடலுக்கு முதுகு காட்டி நின்று எடுங்கள், அவ்வளவுதான். நடுவில் திட்டாகப் படர்ந்திருந்தால் கழற்றித் துடைக்க என்ன ஆகும் என்று கேளுங்கள், ஆனால் கேமராவோடு வந்த 18-55 லென்ஸாக இருந்தால் துடைக்கிற கூலிக்குக் கொஞ்சம் மேலே போட்டு நல்லதாகப் பழைய லென்ஸே வாங்கிவிடலாம். கடைக்காரர் ‘கேமரா பாடிக்கும் பரவிவிட்டது, எக்ஸ்சேஞ்ச் போட்டுவிடுங்கள்’ என்பார். ஃபங்கஸ் வித்து காற்றில் எப்போதும் இருக்கிறது, வளர்வது ஈரத்தால். ரப்பர் வளையம் வைத்த காற்றுப் புகாத டப்பா ஒன்று, சிலிகா ஜெல் பொட்டலம் நாலு, உள்ளே வைக்கச் சின்ன ஈரப்பத மானி ஒன்று. மானி 40-லிருந்து 50 காட்ட வேண்டும். கடற்கரையை ஒட்டி இருக்கிற நமக்கு வெளியே சாதாரணமாகவே 70-க்கு மேல்தான். ஈரத்தை உறிஞ்சி நீல ஜெல் ரோஸ் நிறமாக மாறினால் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம், சமையல் பாத்திரத்தில் மட்டும் போடாதீர்கள், அந்த நீலத்தில் இருப்பது கோபால்ட் உப்பு. கேமராவைத் தோல் பையில் போட்டுப் பீரோவுக்குள் வைக்கிற பழக்கத்தை விடுங்கள். நடுவில் கேமரா படுத்தாலும் போனில் எடுங்கள். படங்கள் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும்போது யாரும் எந்தக் கருவி என்று கேட்கப் போவதில்லை.

கண்காட்சி ஆசாமிக்கு வருவோம். நீங்கள் தகுதியானவரா என்று ஒரு படத்தைக்கூடக் கேட்காமல் முதலில் தொகையைச் சொன்னார் அல்லவா? அங்கேயே புரிந்துகொள்ள வேண்டும். நாற்பது பேரிடம் ஆளுக்கு 12,000 வாங்கினால் எவ்வளவு என்று பெருக்கிப் பாருங்கள். மூன்று நாள் ஒரு ஹால், ஒரு ஷீல்டு, ஒரு சான்றிதழ், யாரோ ஒரு பிரமுகர் குத்துவிளக்கு ஏற்றுவார், பார்க்க வருவது மற்ற 39 பேரின் குடும்பம். தொழிலுக்கும் உதவாது, வேலைக்கும் உதவாது. போட்டிகளிலும் இதே மாதிரி ஒரு கண்ணி, பரிசு ஒருவருக்கு, விதிமுறையில் பொடி எழுத்தில் ‘அனுப்பிய எல்லாப் படங்களின் உரிமையும் அமைப்பாளருக்கே’ என்று இருக்கும். படத்தைக் காட்ட வேண்டுமானால் தடைக்காலத்தில் அங்கேயே ஒரு படகின் பக்கவாட்டில் கயிறு கட்டி மாட்டுங்கள், படத்தில் இருக்கிறவர்களே வந்து பார்ப்பார்கள். அவர்களைவிடக் கடுமையான விமர்சகர்கள் உங்களுக்குக் கிடைக்க மாட்டார்கள், ஊசி பிடித்த கை தவறாகத் தெரிந்தால் அப்பவே சொல்லிவிடுவார்கள்.

காப்புரிமையைப் பதிவு செய்து தருகிறேன் என்று ஒருவர் வந்தால் அவரையும் அனுப்பிவிடுங்கள். 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி நீங்கள் எடுத்த படம் எடுத்த நிமிடத்திலேயே உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதற்கு உங்கள் கையெழுத்தோடு எழுத்து வேண்டும். அந்த எழுத்தில் எத்தனை வருடம் என்று குறிக்காவிட்டால் சட்டம் ஐந்து வருடம் என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

ஆனால் இந்த விதிக்கு ஒரு விலக்கு இருக்கிறது, உங்கள் 3,000 ரூபாய் சரியாக அதில் போய் விழுகிறது, அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஒருவர் கேட்டு, அதற்குப் பணம் கொடுத்து, அவருக்காக நீங்கள் படம் எடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை அந்தப் படத்தின் முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர். எடுத்தவர் நீங்கள்தான், உரிமை அவர்களுடையது. 17-ஆவது பிரிவு. கல்யாணப் படத்துக்கும் இதே கதைதான், கேமராவும் கார்டும் உங்களுடையது என்பதால் ஒன்றும் மாறாது. அப்படியானால் அன்று எடுத்த எல்லாமே போச்சா? இல்லை. அவர்கள் கேட்டது நிவாரணம் கொடுக்கிற காட்சி. அது முடிந்து, மதியம் நீங்களாக வலைக்காரர்களிடம் உட்கார்ந்து எடுத்தது யாரும் கேட்டதுமில்லை, யாரும் பணம் கொடுத்ததுமில்லை, அது உங்களுடையது. கலங்கலாக இருப்பது நடுவில் இருக்கிற சில படங்கள், நிவாரணப் பை கையில் இருக்கும்போதே வலையையும் சேர்த்து எடுத்த மாதிரியானவை. அவற்றையும் அவர்களுடையதாகவே எண்ணிக்கொள்ளுங்கள், சண்டை போட்டு ஜெயிக்கிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. இதற்கு வக்கீலும் வேண்டாம். அந்த நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல்: ‘2021-ல் உங்களுக்காக எடுத்த இந்த எட்டுப் படங்களை என் படத்தொடரில் என் பெயரோடு பயன்படுத்திக்கொள்ள அனுமதி தேவை.’ படங்களையும் சேர்த்து அனுப்புங்கள். ‘தாராளமாக’ என்று ஒரு வரி பதில் வந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள். போனில் சொன்னால் மெயிலில் போடச் சொல்லிக் கேளுங்கள், சிரித்துக்கொண்டே ‘எதுக்குப்பா, நம்ம பிள்ளைதானே’ என்பார்கள், அப்படிச் சொன்னவர் வேலையை விட்டுப் போன பிறகு வருகிறவருக்கு நீங்கள் நம்ம பிள்ளை இல்லை.

துறைமுகத்தில் படம் எடுக்க அனுமதி வாங்குவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் நீட்டப் போவதில்லை. வர்த்தகத் துறைமுகத்துக்குள்ளேயும் அனல்மின் நிலையத்தின் பக்கமும் கேமராவைத் திருப்பாதீர்கள். மீன்பிடி துறைமுகத்தில் வாயிலில் இருக்கிறவர் ஒரு நாள் விடுவார், மறுநாள் லெட்டர் கேட்பார். லெட்டர் வாங்கப் போனால் இந்த மேஜைக்காரர் அந்த மேஜையைக் காட்டுவார், அவர் சாப்பிடப் போயிருப்பார், விதி என்னவென்று எழுத்தில் கேட்டால் ஒருவரிடமும் இருக்காது. பெரிய நிறுவனத்தின் விளம்பரப் படப்பிடிப்புக்கு மட்டும் வண்டி வண்டியாக உள்ளே போகும். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் தன் தெருவைப் படம் எடுக்கத் தன்னை யாரென்று நிரூபிக்க வேண்டியிருப்பதைப் பற்றி ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது. உங்களுக்குத் தெரிந்த ஒரு படகு உரிமையாளரோடு உள்ளே போங்கள், வேலை நடக்கும்.

கார்டுகளை இந்த வாரமே தேடுங்கள். கிடைத்த படங்களில் முகம் தெளிவாகத் தெரிகிற எல்லாவற்றையும் நாலுக்கு ஆறு சைஸில் அச்சடித்து, ஏப்ரல் 15-க்குப் பிறகு முதல் காலையில் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். அன்று கேமராவை வெளியே எடுக்காவிட்டாலும் சரி, யார் இன்னும் அங்கே இருக்கிறார், யார் எண்ணூர் பக்கம் மாறிப் போனார் என்று கேட்டு ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலில் பெயரை எழுதிக்கொண்டு வாருங்கள்.