பங்குக்குருக்கள் தங்கள் மறையுரையையும் திருப்பலி நிறைவேற்றும் விதத்தையும் எப்படி மேம்படுத்திக்கொள்ளலாம்?

பாம்பன் பக்கத்தில் ஒரு மீனவக் கிராமம் என் ஊர். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஞாயிறு திருப்பலியில் வாசகம் வாசிக்கிறேன். பீடத்தின் அருகே உட்காருவதால், நற்செய்திக்குப் பின் குரு ஆற்றும் மறையுரையைக் கேட்கும்போதே கேட்பவர்களின் முகங்களையும் பார்த்துவந்திருக்கிறேன்.

தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும். "ஆண்டவர் உங்களை ஒருநாளும் கைவிட" என்பதுவரை கணீரென்று சொல்லிவிட்டு, "மாட்டார்" என்பதைத் தொண்டைக்குள் விழுங்கிவிடும் குருக்கள் பலர். கடைசி வரிசைப் பாட்டிக்கு என்ன போய்ச் சேரும்? மார்கழியில் வாடைக்காற்று எங்கள் கோவில் ஜன்னல் வழியே மைக்கில் நேராக அடிக்கும். வெளியே பூவரச மரத்தடியில் நிற்கும் ஆண்களுக்குப் பாதிச் சொல் காற்றோடு போய்விடும். வாக்கியத்தின் கடைசிச் சொல்லைத் தாங்கிப் பிடித்துச் சொல்லுங்கள். இந்த ஒன்றே பெரிய மாற்றம்.

மறையுரை எட்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூனில் சொன்னார். எட்டு நிமிடம் போதும்தான். ஆனால் அதற்கான வேலை வாரம் முழுவதும் இருக்கிறது.

லூக்கா 5ஆம் அதிகாரத்து மீன்பிடிப்பு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஞாயிறு நற்செய்தியாக வரும். கீழ்ப்படிதல், நம்பிக்கை என்று ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறோம். 2025 பிப்ரவரியில் அது வருவதற்கு மூன்று நாள் முன்பு, எங்கள் பங்குத்தந்தை கடற்கரைக்கு வந்து, வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். "வலையை எப்போது ஐயா அலசுவீர்கள்?" என்று கேட்டார். "தொழில் முடிந்த பிறகுதான் சாமி. அலசிவிட்டால் அன்றைக்கு இனிக் கடல் இல்லை."

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பதிலிலிருந்துதான் தொடங்கினார். இரவெல்லாம் வெறும் வலை இழுத்து, பாசியையும் சொறிமீனையும் உதறி அலசிக்கொண்டிருந்தவர்களிடம்தான் இயேசு மறுபடி வலை போடச் சொன்னார் என்றார். அந்த வலையை இழுத்த பேதுருவின் தோள்வலியை எங்கள் ஆண்களுக்கு விளக்கவே தேவையிருக்கவில்லை. மரத்தடியில் நின்றவர்கள் வாசற்படிவரை வந்துவிட்டார்கள்.

எங்கள் மாவட்டத்து ஓரியூரில் 1693இல் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த புனித அருளானந்தர் போர்ச்சுகலிலிருந்து வந்து, தமிழ் கற்று, இந்த மறவர் சீமையில் போதித்தவர். தமிழிலேயே பிறந்து வளர்ந்த நம் குருக்கள் குருமட வகுப்பறைச் சொற்களை அப்படியே கொண்டுவந்து கொட்டும்போது எனக்கு மனம் வலிக்கிறது. ஊரின் நாள்காட்டியும் தெரிந்திருக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. வீட்டில் அடகு வைக்க நகை தேடும் அந்த வாரங்களிலா காணிக்கையைப் பற்றிப் பேசுவது?

பீடத்தில் அவசரம் வேண்டாம். மறையுரைக்குப் பின் சிறிது அமைதி காக்கலாம் என்று திருப்பலி ஒழுங்குமுறையே சொல்கிறது. ஏனோ அதைத்தான் பலரும் தாண்டிவிடுகிறார்கள். ஒரு வாரம் எங்கள் ஊர் வல்லம் (நாட்டுப்படகு) ஒன்று கரை திரும்பவில்லை. அந்த ஞாயிறு குரு கையிலிருந்த தாளைப் பிரிக்கவே இல்லை. இரண்டு வாக்கியம் பேசிவிட்டு எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்தார். முன்வரிசையில், அந்த வல்லத்தில் போன பையனின் அம்மா விம்மி அழுதாள். அவள் அழுது ஓயும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. அதன் பிறகு எழுந்து விசுவாச அறிக்கையைத் தொடங்கினார், அவளும் சேர்ந்து சொல்லக்கூடிய வேகத்தில்.