தகர டப்பா சத்தம்

வணக்கம் ஐயா,

போன வாரம் 'சவுண்ட் ஆஃப் மெட்டல்' என்ற ஆங்கிலப் படம் பார்த்தேன். எரிச்சல்தான் வந்தது. இருப்பதையெல்லாம் விற்று ஆபரேஷன் செய்துகொண்டவன், கடைசியில் கருவியைக் கழற்றிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். வைத்தியமே வேண்டாம் என்கிறார்களா?

என் அப்பா நையாண்டி மேள செட்டில் முப்பத்தைந்து வருடமாகத் தவில் வாசிக்கிறார். காது மந்தமாகி நாலைந்து வருடம் இருக்கும். வெளியே சொல்ல மாட்டார். கடன் வாங்கி ஹியரிங் எய்ட் வாங்கிக் கொடுத்தேன். இரண்டே நாள். 'தவிலு தகர டப்பா மாதிரி கேக்குதுடா' என்று கழற்றி பீரோவில் வைத்துவிட்டார். இந்தப் படத்தைக் காட்டினால் 'பாத்தியா, நான் சொன்னேன்ல' என்பார். காட்டலாமா?

க., உசிலம்பட்டி

அன்புள்ள க.,

காட்டலாம். ஆனால் அதற்கு முன்னால் அந்தத் தகர டப்பாவை நீங்கள் கொஞ்சம் மதிக்க வேண்டும்.

படத்தின் கடைசி அரைமணி நேரமும் அந்தச் சத்தம்தான். டிரம்மர் ரூபனுக்குத் (ரிஸ் அகமது) திடீரென்று காது போகிறது. காது கேளாதவர்கள் சேர்ந்து வாழும் ஓர் இடத்தில் போய்த் தங்குகிறான். அதை நடத்தும் ஜோ, இங்கே காதைச் சரிசெய்வதில்லை, மனதைத்தான் என்கிறார். ரூபன் கேட்பதாயில்லை. குடியிருந்த வண்டியையே விற்று காக்ளியர் இம்பிளான்ட் (ஆபரேஷன் செய்து உள்காதில் பொருத்தும் மின்கருவி) வைத்துக்கொள்கிறான். உள்காதில் ஆயிரக்கணக்கான நுண்மயிர்ச் செல்கள் செய்த வேலையை அதிகம் போனால் இருபது சொச்சம் மின்முனைகள் செய்ய வேண்டும். பேச்சு பழகப் பழகப் பிடிபடும். சங்கீதம்தான் மிகவும் கஷ்டம். காதலி லூ பாடும்போது அவன் காதில் விழுவது கரகரவென்ற இரைச்சல். அவனுக்குக் கேட்கிறது, ஆனால் அவன் கேட்டது கிடைக்கவில்லை. வைத்தியம் வேண்டாம் என்று படம் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. பழைய சத்தத்தை விலை கொடுத்துத் திரும்ப வாங்க முடியாது, அவ்வளவுதான். ஒரு குறை உண்டு. இம்பிளான்ட் வைத்தவர்களுக்கு மாதக்கணக்கில் பழகினால் சத்தம் தேறும். படம் அந்த மாதங்களுக்குக் காத்திருக்கவில்லை. 2021இல் ஒலிக்கு ஆஸ்கர் வாங்கியது, அதில் எனக்கு வழக்கில்லை.

இப்போது அப்பா விஷயத்துக்கு வருவோம். ஹியரிங் எய்டும் இம்பிளான்டும் வேறு வேறு. கடைகளில் மாட்டிவிடுவது பெரும்பாலும் பேச்சுக்காகச் சரிசெய்த கருவி. அதற்கு மேளம் என்றால் என்னவென்று தெரியாது. விடாமல் ஒலிக்கும் சுருதியை ஃபேன் சத்தம் என்று நினைத்து அமுக்கப் பார்க்கும். நாயனக்காரர் ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தினால் கருவி தன் சொந்த விசில் என்று மிரண்டு அதை வெட்டும். தவில் அடி விழுந்ததும் ஒலியைச் சட்டென்று இறக்கும். அப்பா குற்றம் கண்டுபிடித்தது நல்ல காதுள்ளவர் கண்டுபிடிப்பது போலத்தான் இருக்கிறது! நல்ல டிஜிட்டல் கருவிகளில் 'மியூசிக் புரோகிராம்' என்று ஒன்று வைக்கலாம், அதில் இந்த அமுக்கு வேலைகளை நிறுத்திவிடலாம். வாங்கிய இடத்தில் போய்க் கேளுங்கள். அப்பாவை அழைத்துப் போங்கள், கூடவே தவிலையும். கடைக்காரர் முழிப்பார். முழிக்கட்டும். தவில் பழையபடியே கேட்டுவிடும் என்று மட்டும் அவரிடம் சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள்.

காது டெஸ்ட் எடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. எடுக்காமல் வாங்கியிருந்தால் அதுதான் முதல் தப்பு. மதுரைப் பெரியாஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. சத்தத்தால் கெடும் காதில் முதலில் போவது மேல் ஸ்தாயி. 'பால்' என்றாலும் 'கால்' என்றாலும் 'ஆல்' மட்டும் விழும். மருமகள் பேசினால் புரியாது, உறுமி மட்டும் நன்றாகக் கேட்கும். வீட்டில் 'வேணும்னே கேக்காத மாதிரி இருக்காரு' என்று பேச்சு வருவது இதனால்தான்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சத்தத்தை அளக்கும் கணக்கில் 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பார்கள். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். இரண்டு நாயனம், இரண்டு தவில், பம்பை, உறுமி எல்லாம் சேர்ந்து முழங்கும், கரகாட்டம் முடிய விடிந்துவிடும். போன வருடம் திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு கல்யாணத்தில் மேளத்துக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்தேன், மறுநாள் மதியம் வரை காதில் ஙொய்யென்றது. எனக்கு ஒரு நாள், அவருக்கு முப்பத்தைந்து வருடம். பஞ்சு வைத்துக்கொள்வார்கள், அது பெரிதாக எதையும் தடுக்காது. இசைக்காரர்களுக்கென்றே காதடைப்பான் இருக்கிறது. எல்லா ஸ்தாயியையும் ஒரே அளவாகக் குறைப்பதால் வாசிப்பு கெடாது. செட்டில் சின்னப் பையன்கள் இருந்தால் அவர்களுக்காவது வாங்கிக் கொடுங்கள்.

அவர் வெளியே சொல்லாததில் கோபப்படாதீர்கள். 'அவருக்குக் காது கேக்காது' என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், அடுத்த பொங்கலுக்கு அச்சாரம் வேறு தவிலுக்குப் போய்விடும். நாயனக்காரரின் கன்னம் உப்புவதைப் பார்த்தே எங்கே நிறுத்துவார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். கெட்டிமேளத்துக்கு எப்படியும் ஐயர் கையைத்தான் பார்க்கிறோம். ஜோவின் ஊரில் எல்லோருக்கும் கைமொழி தெரியும், அங்கே காது இல்லாமல் வாழலாம். உசிலம்பட்டியில் உங்கள் அப்பா யாரிடம் கைமொழி பேசுவார்? அதனால் கருவியை பீரோவிலேயே விட்டுவிடாதீர்கள்.

முழுப் படத்தையும் போட வேண்டாம். ரூபனும் காது கேளாத ஒரு சிறுவனும் சறுக்குமரத்தில் உட்கார்ந்திருக்கும் காட்சி இருக்கிறது, அதை மட்டும் போடுங்கள். ரூபன் தகட்டில் தட்டுகிறான். பையன் தகட்டோடு காதை ஒட்டிவைத்துக்கொள்கிறான். வசனம் கிடையாது, மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. பார்த்துவிட்டு அப்பா என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.