கேட்டால் சொல்வதும் வாக்கில் சொல்வதும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரம், கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லெட்டுமாக இரண்டு இளைஞர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மாநில அரசின் செயல்பாடு, மதுவிலக்கு, நீட் தேர்வு, மகளிர் உரிமைத்தொகை என்று இருபது கேள்விகளுக்கு மேல் கேட்டார்கள். என் மனைவியிடம் கேட்ட கேள்விகளுக்கும் பாதிக்குமேல் நானே பதில் சொல்லியிருக்கிறேன் என்பது அவர்கள் போனபிறகுதான் எனக்கு உறைத்தது. மதுவிலக்கு வேண்டுமா என்ற கேள்விக்குத் தயங்காமல் ‘கட்டாயம் வேண்டும்’ என்றேன். ஆனால் இரவில் யோசித்துப் பார்த்தால், நாற்பது ஆண்டுகளாக வாக்களித்து வரும் நான் ஒருமுறைகூட மதுவிலக்கை முன்னிட்டு வாக்களித்ததில்லை. அப்படியானால் அந்தப் பிள்ளைகளிடம் நான் சொன்னது பொய்யா? இன்னொன்று: கோடிக்கணக்கில் வாக்காளர்கள் உள்ள மாநிலத்தில் சில ஆயிரம் பேரைக் கேட்டுவிட்டு, ‘தமிழ்நாட்டு மக்களின் கருத்து’ என்று தொலைக்காட்சியில் அறிவிக்கிறார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறான் என் மகன். அது இங்கே பொருந்துமா?

ஒரு வாசகர்,
விளாத்திகுளம்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் பொய் சொல்லவில்லை. உங்களிடம் ஒரு கருத்து இருக்கிறதா என்று அவர்கள் கேட்டார்கள், இருக்கிறது என்றீர்கள். அந்தக் கருத்துக்காக எதை விட்டுக்கொடுப்பீர்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. வாக்குச்சாவடி கேட்பது அந்த இரண்டாவது கேள்வியைத்தான். ஒரு கருத்தை எத்தனை பேர் கொண்டிருக்கிறார்கள் என்பதைக் கணிப்பு எண்ணிச் சொல்லிவிடும். அது அவர்கள் மனத்தில் எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்பதை அளப்பது கடினம். பெரும்பாலான கணிப்புகள் அதற்கு முயல்வதுகூட இல்லை.

மதுவிலக்கையே எடுத்துக்கொள்வோம். 2015 ஜூலை 31 அன்று குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில், மதுக்கடையை அகற்றக் கோரி அலைபேசிக் கோபுரத்தின் மீதேறிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரிழந்தார். தொடர்ந்து மாநிலம் முழுவதும் கடைகளின் முன்னால் போராட்டங்கள் நடந்தன. அடுத்த ஆண்டு சட்டமன்றத் தேர்தல் வந்தபோது, மதுவிலக்கைப் பேசாத பெரிய கட்சி எதுவும் இல்லை. தி.மு.க. முழு மதுவிலக்கு என்றது, அ.தி.மு.க. படிப்படியாக என்றது. பல ஆண்டுகளாகவே மதுவிலக்கை முதன்மைக் கொள்கையாகச் சொல்லிவந்த பா.ம.க., முதல் கையெழுத்தே அதற்குத்தான் என்று 232 தொகுதிகளில் தனித்து நின்றது. அதற்குக் கிடைத்தது 5 சதவீதத்தைச் சற்றே தாண்டிய வாக்கு, ஓரிடமும் கிடைக்கவில்லை. ஆட்சியில் தொடர்ந்தது, இருப்பதிலேயே மெதுவான வாக்குறுதியைத் தந்த கட்சி. அது பதவியேற்ற அன்று 500 கடைகளை மூட உத்தரவிட்டது. பிறகு 2017இல் மேலும் 500. இன்று அரசுக்கு மது விற்பனை வழியாக ஆண்டுக்கு 40 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது.

இதைப் பார்த்து, ‘மக்கள் வாயால் மதுவிலக்கு என்பார்கள், மனத்தால் விரும்பமாட்டார்கள்’ என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கூலியில் பாதியைக் கடையில் கொடுத்துவிட்டு வரும் கணவனோடு வாழும் பெண் மதுவிலக்கு வேண்டுமென்று சொல்லும்போது அதில் பாசாங்கு எதுவும் இல்லை. ஆனால் அதே பெண், ரேஷன் அரிசி, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், உள்ளூரில் யார் தன் குடும்பத்துக்கு ஆபத்துக்கு உதவுவார், தன் சாதியை மதிக்கும் கட்சி எது, சொன்னதைச் செய்யக்கூடியவர் யார் என்பதையெல்லாம் ஒரே பொத்தானில் சொல்லியாக வேண்டும். அத்தனையும் தராசில் ஏறும்போது மதுவிலக்கின் எடை குறைந்துவிடுகிறது, அவ்வளவுதான். எல்லாக் கட்சிகளும் அதையே பேசியதால், அதை வைத்து ஒருவரிலிருந்து ஒருவரைப் பிரித்தறியவும் வாக்காளருக்கு வழியில்லாமல் போயிற்று என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அழுத்தம் மிக்க கருத்து எப்படி இருக்கும் என்பதற்கு 1980ஆம் ஆண்டைச் சொல்வேன். 1979இல் எம்.ஜி.ஆர். அரசு, பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டைப் பெற ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்று ஓர் ஆணை பிறப்பித்தது. வசதியுள்ளவர்கள் சலுகையை அள்ளிக்கொள்ளக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். ‘ஏழைகளுக்கு மட்டும் சலுகை தரலாமா?’ என்று அன்றைக்கு ஒரு கணிப்பு நடத்தியிருந்தால், பெரும்பான்மையோர் ‘தரலாம்’ என்றே சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் 1980 ஜனவரியில் நடந்த மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 இடங்களில் அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு. இந்திரா காந்தி அலை, தி.மு.க.–காங்கிரஸ் கூட்டணி என்று வேறு காரணங்களும் இருந்தன, எனினும் எம்.ஜி.ஆர். அந்தத் தோல்வியை எப்படிப் படித்தார் என்பதில் ஐயமே இல்லை. சில வாரங்களுக்குள் வருமான வரம்பு ஆணை திரும்பப் பெறப்பட்டது. அதோடு நில்லாமல் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு 31 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்த்தப்பட்டது. பிப்ரவரியில் அவருடைய ஆட்சி கலைக்கப்பட்டது. மே மாத இறுதியில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் 129 இடங்களை வென்று அதே கட்சி மீண்டும் ஆட்சிக்கு வந்தது. ஐந்து மாதத்துக்குள் இரண்டு தீர்ப்புகள். வாக்காளர்களின் மனம் தலைகீழாக மாறிவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்வதைவிட, இரண்டு தேர்தல்களிலும் அவர்கள்முன் வைக்கப்பட்ட கேள்விகள் வேறு என்று கொள்வதே பொருத்தம்.

2004இலும் இதுவே நிகழ்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டு வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 1 லட்சத்து 70 ஆயிரம் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் பணிநீக்கம் செய்யப்பட்டிருந்தனர். 2002இல் மதமாற்றத் தடைச் சட்டம் வந்திருந்தது. விவசாயிகளின் இலவச மின்சாரத்தில் கை வைக்கப்பட்டிருந்தது. மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. கூட்டணிக்கு ஓரிடமும் கிடைக்கவில்லை. முடிவு வெளியான சில நாட்களிலேயே, அதுவரை எதற்கும் இறங்கிவராதவர் என்று பெயரெடுத்த முதலமைச்சர் ஜெயலலிதா, இவை ஒவ்வொன்றையும் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். எந்தக் கணிப்பும் சொல்லியிராத அளவுக்குத் துல்லியமான ஒரு பட்டியல் அது. ஒரு மாநிலத்து மக்களின் கருத்தை அறிய விரும்புகிறவர், அரசுகள் எதை அறிவித்தன என்பதைவிட எதிலிருந்து பின்வாங்கின என்பதைப் பார்க்க வேண்டும் என்று நான் நெடுநாளாக எண்ணி வருகிறேன்.

பணத்தைக் கொண்டு கருத்தை விலைபேசிவிடலாம் என்ற எண்ணமும் இங்கே அவ்வளவு எளிதாக எடுபடுவதில்லை. 2021இல் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தருவதாக தி.மு.க. சொன்னது, 1,500 ரூபாய் தருவதாக அ.தி.மு.க. சொன்னது, கூடவே ஆண்டுக்கு ஆறு எரிவாயு உருளை, துணி துவைக்கும் இயந்திரம் என்றும் சொன்னது. வென்றது 1,000 ரூபாய் சொன்ன கட்சி. தொகை பெரிதா என்பதற்கு முன்னால், பத்தாண்டுகள் ஆட்சியில் இருந்தவர் இதை இப்போது ஏன் சொல்கிறார் என்ற கேள்வி வாக்காளருக்கு எழுந்திருக்கிறது.

நீங்கள் விளாத்திகுளத்துக்காரர் என்பதால் உங்கள் தொகுதியையே உங்களுக்கு நினைவூட்ட முடிகிறது. 2019 ஏப்ரல் 18 அன்று உங்கள் ஊர் வாக்குச்சாவடியில் இரண்டு இயந்திரங்கள் இருந்தன. ஒன்று மக்களவைக்கு, மற்றொன்று சட்டமன்ற இடைத்தேர்தலுக்கு. தூத்துக்குடி மக்களவைத் தொகுதியில் தி.மு.க.வின் கனிமொழி 3 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். அதற்குள் அடங்கிய விளாத்திகுளம் சட்டமன்றத் தொகுதியை அ.தி.மு.க. வென்றது. பக்கத்துச் சாத்தூரிலும் அப்படியே: விருதுநகர் மக்களவைத் தொகுதி காங்கிரசுக்கு, சாத்தூர் சட்டமன்றத் தொகுதி அ.தி.மு.க.வுக்கு. அந்த முறை அ.தி.மு.க. கூட்டணி மாநிலம் முழுவதும் ஒரே ஒரு மக்களவை இடத்தைத்தான் பிடித்தது. ஆனால் இடைத்தேர்தல் நடந்த 22 சட்டமன்றத் தொகுதிகளில் அ.தி.மு.க. ஒன்பதை வென்று ஆட்சியைக் காப்பாற்றிக்கொண்டது. ஒரே நாளில், ஒரே விரலில் மை வைத்துக்கொண்டு, டெல்லிக்கு ஒருவரையும் சென்னைக்கு வேறொருவரையும் பலர் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ‘உங்கள் ஆதரவு எந்தக் கட்சிக்கு?’ என்று ஒற்றைக் கேள்வி கேட்கும் கணிப்பாளருக்கு இவர்கள் என்ன பதில் சொல்வார்கள்?

இனி உங்கள் மகன் சொன்ன சோற்றுக்கு வருகிறேன். எண்ணிக்கையைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. முறைப்படி, குலுக்கிப் போட்டு எடுப்பதுபோல் ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்துக் கேட்டால், நூற்றில் தொண்ணூற்றைந்து முறை விடை உண்மையிலிருந்து ஏறத்தாழ 3 சதவீதத்துக்குள்தான் விலகும். மக்கள்தொகை ஆறு கோடியா அறுபது லட்சமா என்பதால் இந்தக் கணக்கு மாறாது. நாலாயிரம் பேரைக் கேட்டால் பிழை பாதியாகக் குறையும். ஆனால் 2016இல் இரு பெரிய அணிகளுக்கும் இடையிலான வாக்கு வித்தியாசம் 1 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கணிப்புகளில் பெரும்பாலானவை தி.மு.க. வெல்லும் என்றன, அ.தி.மு.க. வென்றது. அவ்வளவு குறுகிய இடைவெளியை அளக்கும் கருவி அவர்களிடம் இல்லை. அதை வெளிப்படையாகச் சொல்லாமல், இடங்களின் எண்ணிக்கையை உறுதியாக அறிவித்ததுதான் அவர்கள் செய்த தவறு.

மேலும், ஒரு சோறு பதம் சொல்வது பானை முழுவதும் ஒரே தீயில் வெந்திருந்தால்தான். கொங்குப் பகுதியின் வாக்கும் டெல்டாவின் வாக்கும் வட மாவட்டங்களின் வாக்கும் ஒரே அடுப்பில் ஏறியவை அல்ல. ஆகவே எத்தனை பேர் என்பதைவிட எவரை, எங்கே, எந்த நேரத்தில் என்பதே முக்கியம். மாணவப் பருவத்தில் ஒரு கணிப்புக்காக நானே படிவங்களுடன் கிராமங்களுக்குப் போயிருக்கிறேன். வாக்காளர் பட்டியலில் குறித்துக் கொடுத்த பெயர்களைத் தேடி வீடு வீடாகச் செல்ல வேண்டும் என்பது விதி. பகல் பதினொரு மணிக்கு அந்த வீடுகள் பூட்டிக் கிடந்தன; ஆண்கள் காட்டில், பெண்கள் தீப்பெட்டி ஆபீசில். மாலைக்குள் முப்பது படிவம் முடிக்க வேண்டும் என்ற நெருக்கடியில், தேநீர்க் கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர்களை வைத்து மீதியை நிரப்பினேன். அந்த முப்பதில் பெண்கள் நான்கு பேர். அறிக்கையில் அது எப்படிச் சரிசெய்யப்பட்டது என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. இதை எழுதும்போது இன்றும் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கேள்வியைச் சொல்லும் விதமும் அதே அளவு விடையை மாற்றும். ‘நீட் தேர்வு வேண்டுமா?’ என்பதும் ‘அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுடன் நீட் தொடரலாமா?’ என்பதும் ஒரே வீட்டில் இரண்டு விடைகளைப் பெறலாம். ‘மதுக்கடைகளை மூட வேண்டுமா?’ என்பதோடு, ‘அந்த 40 ஆயிரம் கோடிக்கு ஈடாக எந்தத் திட்டத்தை நிறுத்தலாம்?’ என்றும் கேட்டிருந்தால், நீங்களே சற்று நேரம் யோசித்திருப்பீர்கள். அந்த யோசிக்கும் நேரத்தில்தான் கருத்தின் எடை தெரியவரும்.

கேட்பவர் யார் என்ற அச்சம் இன்னொன்று. டேப்லெட்டுடன் வருகிறவரை அரசாங்கத்து ஆள் என்றே நம் ஊர்களில் நினைக்கிறார்கள். உரிமைத்தொகை வாங்கும் ஒரு பெண், வாயைத் திறந்து குறை சொன்னால் அடுத்த மாதம் அது நின்றுவிடுமோ என்று அஞ்சினால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. சில ஆய்வு நிறுவனங்கள், டெல்லியின் லோக்நிதி போன்றவை, கட்சித் தேர்வைக் கேட்கும்போது மாதிரி வாக்குச்சீட்டு ஒன்றைக் கையில் கொடுத்துப் பெட்டியில் போடச் சொல்வது இதற்காகத்தான். ஆனால் அந்தப் பெட்டி கட்சிப் பெயருக்கு மட்டுமே பயன்படுகிறது. மற்ற கேள்விகளுக்கெல்லாம் மாமியார், கணவர், எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டார் முன்னிலையில் வாய்விட்டுத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த ஒரு வரிதான். அன்றைக்கு அந்த இளைஞர்களின் கணக்கில் உங்கள் வீட்டிலிருந்து ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஏறியிருப்பார்கள். உண்மையில் ஏறியவை நீங்களும், உங்கள் குரலில் இன்னொரு முறை நீங்களும். மதுவிலக்கைப் பற்றி உங்கள் மனைவியின் கருத்து உங்களுடையதேதானா என்பதை நீங்கள் எழுதவில்லை. அடுத்த முறை அவர்கள் வந்தால், அவரிடம் பேசி முடிக்கும்வரை நீங்கள் தெருப்பக்கம் சென்று நின்றுகொள்ளுங்கள். பிறகு அவர் என்ன சொன்னார் என்று, அவராக விரும்பிச் சொன்னால், எனக்கும் எழுதுங்கள்.