கேட்டாத்தான் தெரியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எனக்கு 26 வயசு, டிப்ளமோ இசிஇ முடிச்சிட்டு ஓசூர் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனில ஆபரேட்டரா இருக்கேன். எனக்கு அப்புறம் சேந்த ரெண்டு பசங்க இப்ப லைன் லீடர், அதுல ஒருத்தனுக்கு வேலை சொல்லிக்குடுத்ததே நான்தான். நாமளா போய் கேட்டா திமிருன்னு நினைப்பாங்க, நல்லா வேலை செஞ்சா தானா வரும்னு அம்மா சொல்றாங்க. பொண்ணுங்களுக்கு நைட் ஷிப்ட் கஷ்டம்னு சூப்பர்வைசர் பேசினதும் காதுல விழுந்துச்சு. கேக்கலாமாக்கா?
(பெயர் வேண்டாம், பாலக்கோடு)

பதில்: கேளும்மா, கண்டிப்பா கேளு. அம்மா பயப்படறது உன் மேல இருக்கற பாசத்துல, ஆனா தானா வரும்ங்கறது லைன்ல நடக்கறதில்ல. சூப்பர்வைசர் பாக்கறது அவுட்புட், ரிஜெக்ஷன், அட்டெண்டன்ஸ் இந்த மூணுதான், நீ இதுல மூணுலயும் சரியா இருக்கேன்னா அவருக்கு உன்னால தலைவலியே இல்ல, அதனாலயே உன்ன அந்த சீட்ட விட்டு எழுப்ப அவருக்கு மனசு வராது, எழுப்பினா அங்க யார உக்கார வைக்கறதுன்னு அவரு யோசிக்கணும்ல. அதனால கேக்கப் போறப்பவே உன் எடத்துக்கு யார ரெடி பண்ணித் தருவேன்னு சேத்துச் சொல்லு, பாதிப் பிரச்சனை அங்கயே தீந்துடும்.

எப்ப கேக்கறதுங்கறதும் முக்கியம். ஷிப்ட் மாறுற நேரத்துல, டார்கெட் ஓடாத அன்னைக்கெல்லாம் வேண்டாம். ஏப்ரல்ல அப்ரைசல் போடற கம்பெனின்னா லிஸ்ட் அதுக்கு முன்னாடியே ரெடியாயிடும், டிசம்பர் ஜனவரிலயே வாயத் தொறக்கணும். மொதல்ல சூப்பர்வைசர்கிட்ட, அவரைத் தாண்டிப் போகாத. "சார், அடுத்து லைன் லீடர் போடறப்ப என் பேரையும் சேக்கணும்னு கேக்கறேன், இந்தந்த ஸ்டேஷன் எனக்குத் தெரியும், லீடர் லீவு போட்ட நாள்ல நான்தான் லைன பாத்துக்கிட்டேன், இன்னும் என்ன கத்துக்கணும்னு சொல்லுங்க"ன்னு நேரா சொல்லு, அந்த நாளையெல்லாம் ஒரு நோட்டுல முன்னாடியே குறிச்சு வெச்சிக்கோ. அந்தப் பசங்க பேர மட்டும் எடுக்காத, எடுத்தா பேச்சு அவங்களப் பத்தி போயிடும், உன்னப் பத்தி வராது. அவரு பிடி குடுக்கலன்னா அவருகிட்ட சொல்லிட்டே ஷிப்ட் இன்சார்ஜையோ ஹெச்ஆரையோ பாரு.

நைட் ஷிப்ட் விஷயத்துலதான் எனக்கு கோவமே வந்துச்சு. 1948 ஃபேக்டரி சட்டத்துல ராத்திரி 7 மணில இருந்து காலைல 6 மணி வரைக்கும் பொண்ணுங்கள வேலைக்கு வைக்கக்கூடாதுன்னு இருந்த பிரிவ 2000ல சென்னை ஹைகோர்ட்டே செல்லாதுன்னு சொல்லிடுச்சு, பாதுகாப்பு, போக வர வண்டி மாதிரி நிபந்தனைகளோட. 1976 சம ஊதியச் சட்டத்துல 1987லயே திருத்தம் கொண்டு வந்து ப்ரமோஷன், ட்ரெய்னிங்லயும் ஆம்பள பொம்பளன்னு பாகுபாடு கூடாதுன்னு சேத்தாங்க. இந்த ரெண்டு சட்டத்துக்கும் பதிலா 2025 நவம்பர்ல புது தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துடுச்சு. இத மொத நாளே தூக்கி அவரு முன்னாடி போட வேண்டாம், ஆனா தெரிஞ்சு வெச்சிக்கோ, உக்காந்து பேசறப்ப குரல் நடுங்காது. நைட் வர முடியும்னா "நைட்டும் வரேன் சார், பஸ் ராயக்கோட்டை வழியா எங்க ஊர் வரைக்கும் வரணும்"னு நீயே சொல்லிடு. முடியாதுன்னா அதையும் மறைக்காத. உனக்கு எது முடியும்னு உன் வாயில இருந்து வரணும், அவங்களா முடிவு பண்ணக்கூடாது.

கேள்வி: மாம்பழக்கூழ் ஃபேக்டரில குவாலிட்டி செக்கிங் வேலை, சீசனுக்கு மட்டும் கூப்பிடறாங்க. நிரந்தரம் பண்ணுங்கன்னு கேட்டா முதலாளி "பாக்கலாம்பா"ங்கறாரு, ஒவ்வொரு வருஷமும் இதேதான்.
(வாசகர், கிருஷ்ணகிரி)

பதில்: தம்பி, நீங்க சீசன் முடிஞ்சு கணக்கு வாங்கறப்ப கேக்கறீங்கன்னு நினைக்கறேன், அப்ப அவரு ஆள குறைக்கற யோசனைல இருப்பாரு. பெங்களூரா மாங்கா லோடு வரிசையா வந்து நிக்கற ஜூன் ஜூலைல, நீங்க இல்லாம ஓடாதுன்னு அவரு கண்ணால பாக்கறப்ப கேளுங்க. சீசன் இல்லாத மாசத்துல மெஷின் சர்வீஸ், ஸ்டாக் கணக்கு, லேப் ரெக்கார்டுன்னு என்னென்ன பாத்துப்பேன்னும் சொல்லுங்க. பாக்கலாம்னு திரும்ப சொன்னா "எந்த தேதிக்கு வந்து பாக்கட்டும்ங்க?"ன்னு கேட்டு அந்த தேதியோட வெளிய வாங்க. அந்த தேதிலயும் அதே பதில்னா காவேரிப்பட்டணம் பக்கமும் கூழ் ஃபேக்டரி இருக்கு, அடுத்த சீசனுக்கு ஆள் எடுக்கறதுக்கு முன்னாடியே அங்க போய்க் கேட்டுடுங்க.